மிகைவேகக் கணினிக்கு எந்தக் குளிர்விப்பான்?



தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் கணினிக்குள் சுழலும் மின்விசிறியைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் இருக்கிறது. நம்மிடம் ஆறாண்டுகள் பயின்று இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள் பலர், பதினைந்து பதினாறு வயதிலேயே மேசைக் கணினியைத் தாங்களாகவே பூட்டத் தொடங்கிவிடுகின்றனர். பூட்டிய சில மாதங்களில் அதன் வேகத்தைக் கூட்டும் ஆசையும் வந்துவிடுகிறது. அப்போது பெற்றோர் சிலர் பழைய பழக்கத்தில் என்னை அழைப்பர். "ஐயா, பையன் ஏதோ குளிர்விப்பான் வாங்க 600 வெள்ளி கேட்கிறான். கடையிலும் அதுதான் வேண்டும் என்கிறார்கள். கொடுக்கலாமா?" என்பர். மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகையும் பேருந்துக் கட்டணமும் போக மிஞ்சும் பணத்திலிருந்து எழும் கேள்வி இது. இதற்கு மழுப்பாமல் விடை சொல்ல வேண்டியது ஆசிரியர் கடமை என்றே கருதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு வெப்பத்தில், மிகைவேகத்தில் ஓடும் நுண்செயலிக்கு நடுத்தர விலையிலான நல்ல காற்றுக் குளிர்விப்பான் ஒன்றே போதும். 200 வெள்ளிக்குள் கிடைக்கும் அத்தகைய குளிர்விப்பானால் தாங்க முடியாத வெப்பம் எழுமானால், மாற்ற வேண்டியது குளிர்விப்பானை அன்று. பிள்ளை கூட்டி வைத்திருக்கும் மின்னழுத்தத்தையே மாற்ற வேண்டும். இதைக் கணக்கோடு விளக்குகிறேன். கணக்கு எளியதுதான், படிவம் ஒன்று மாணவரும் போடக்கூடியது.

(கடைகளில் 'ஓவர்கிளாக்கிங்' என்று சொல்லப்படுவதை இங்கு மிகைவேகம் என்று குறிப்பிடுகிறேன். கைப்பேசியில் நாம் பதிவிறக்கும் செயலியோடு குழம்பாதிருக்க, கணினியின் மூளையாகிய 'புராசசரை' நுண்செயலி என்கிறேன்.)

வேகம் கூடினால் வெப்பம் ஏன் கூடுகிறது?

நுண்செயலி 4.0 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுகிறது என்றால், நொடிக்கு 400 கோடி முறை, பள்ளிக் கணக்கில் சொன்னால் 4 பில்லியன் முறை, துடிக்கிறது என்று பொருள். ஒவ்வொரு துடிப்பிலும் அதனுள் இருக்கும் எண்ணற்ற டிரான்சிஸ்டர்கள் மின்னை ஏற்றி இறக்குகின்றன. அந்த மின்னாற்றல் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. எனவே துடிப்பு கூடினால் வெப்பமும் அதே விகிதத்தில் கூடும்.

சிக்கல் அதோடு நிற்பதில்லை. துடிப்பைக் கூட்டியதும் கணினி தடுமாறத் தொடங்கும், திரை உறையும், தானாக அணைந்து மீண்டும் எழும். அதை நிலைப்படுத்தப் பிள்ளைகள் மின்னழுத்தத்தைக் கூட்டுவர். இங்குதான் கவனம் தேவை. மின்னழுத்தத்தின் விளைவு நேர் விகிதத்தில் கூடுவதில்லை; அதன் வர்க்கத்தின் விகிதத்தில் கூடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 4.0 கிகாஹெர்ட்ஸில், 1.20 வோல்ட்டில் ஒரு நுண்செயலி 100 வாட் வெப்பத்தை உமிழ்கிறது என்று கொள்வோம். அதை 4.5 கிகாஹெர்ட்ஸுக்கும் 1.35 வோல்ட்டுக்கும் உயர்த்துகிறோம். துடிப்பு 1.125 மடங்கு கூடியது. மின்னழுத்தம் 1.125 மடங்கு கூடியது. அதன் வர்க்கம் ஏறத்தாழ 1.27. இரண்டையும் பெருக்கினால் 1.42. வேகத்தில் கிடைத்தது எட்டில் ஒரு பங்கு. வெப்பத்தில் சேர்ந்ததோ ஐந்தில் இரண்டு பங்கு! 100 வாட் இப்போது 142 வாட் ஆகிவிட்டது.

குளிர்விப்பான் குளிர்விப்பதில்லை

பெயர்தான் குளிர்விப்பான். உண்மையில் அது குளிரை உண்டாக்குவதில்லை. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கடத்துகிறது. நுண்செயலியின் மேல் செம்பு அடித்தளம் ஒன்று அழுந்தி உட்கார்ந்திருக்கும். இரண்டு பரப்புகளுக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் காற்று தங்காதிருக்க வெப்பப் பசையைப் பூசுகிறோம். அடித்தளத்திலிருந்து வெப்பக் குழாய்கள் மேலெழும். அவற்றின் உள்ளே காற்று நீக்கப்பட்டு, சிறிதளவு நீர் மட்டும் அடைக்கப்பட்டிருக்கும். சூடான முனையில் அந்நீர் ஆவியாகிறது. மேலே தகடுகளுக்கு நடுவில் குளிர்ந்து மீண்டும் நீராகிறது. குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைகள் வழியே கீழே திரும்புகிறது. ஆவியாதல், ஒடுங்குதல் என்று நாம் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்கும் இரண்டு மாற்றங்களும் அந்த விரல் தடிமனில்லாத குழாய்க்குள் ஓயாமல் நிகழ்கின்றன.

தகடுகள் ஏன் அத்தனை? பரப்பளவுதான் காரணம். நுண்செயலியின் மூடி ஏறக்குறைய 4 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் கொண்டது, 16 சதுர செ.மீ. பரப்பு. 12 செ.மீ.க்கு 5 செ.மீ. அளவுள்ள 50 தகடுகள் இருந்தால், இரு பக்கமும் சேர்த்து 6,000 சதுர செ.மீ. கிடைக்கிறது. அதாவது 375 மடங்கு பரப்பு காற்றைத் தொடுகிறது. மின்விசிறி அந்தக் காற்றைத் தள்ளிவிடுகிறது. அவ்வளவே.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது. காற்றுக் குளிர்விப்பான் எவ்வளவு விலை உயர்ந்ததாயினும், அறையிலுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாக நுண்செயலியை ஆக்க முடியாது. நீர்க்குளிர்விப்பானுக்கும் இதே விதிதான். நீர் வெப்பத்தைச் சுமந்து சென்று, இறுதியில் அதே அறைக்காற்றிடம்தான் ஒப்படைக்கிறது.

நம் ஊர்க் கணக்கு

இணையத்தில் பிள்ளைகள் பார்க்கும் சோதனைகள் பெரும்பாலும் 20 அல்லது 22 பாகை அறையில் நடத்தப்படுபவை. கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ பிற்பகலில் குளிரூட்டி இல்லாத அறை 32 பாகையைத் தொடும். அந்த வேறுபாடு அப்படியே நம் நுண்செயலியின் தலையில் ஏறும்.

கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். அறை 32 பாகை, கணினிப் பெட்டிக்குள் மேலும் 5 பாகை, ஆக 37. நடுத்தரக் குளிர்விப்பான் ஒன்று ஒவ்வொரு வாட்டுக்கும் 0.30 பாகை வெப்பம் ஏற விடுகிறது என்று கொள்வோம். 142 வாட்டுக்கு ஏறத்தாழ 43 பாகை. மொத்தம் 80 பாகை. மிக வெப்பம்தான்; ஆயினும் எல்லைக்குள் இருக்கிறது. அண்மைய நுண்செயலிகள் பல 95 பாகையிலோ 100 பாகையிலோதான் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன.

அதே கணினியில் மலிவான சிறு குளிர்விப்பான், வாட்டுக்கு 0.45 பாகை எனில், 64 பாகை கூடி 101 ஆகும். வேகம் தானாகக் குறைக்கப்படும். பிள்ளை செய்த உழைப்பெல்லாம் வீண். எனவே மிகைவேகத்துக்கு நல்ல குளிர்விப்பான் தேவைதான். அதை நான் மறுக்கவில்லை.

இனி, விலையை இருமடங்காக்கிப் பெரிய குளிர்விப்பான் வாங்குவோம். வாட்டுக்கு 0.27 பாகை என்று கொள்வோம். 142 வாட்டுக்கு 38 பாகை, மொத்தம் 75. ஐந்து பாகை இறங்கியது.

அதற்குப் பதிலாக, நடுத்தரக் குளிர்விப்பானையே வைத்துக்கொண்டு, வேகத்தை 4.5-இலிருந்து 4.4-ஆகவும், மின்னழுத்தத்தை 1.35-இலிருந்து 1.30-ஆகவும் குறைப்போம். வெப்பம் 129 வாட் ஆகிறது. 39 பாகை கூடி, மொத்தம் 76. பெரிய குளிர்விப்பான் தந்ததற்கும் இதற்கும் ஒரே ஒரு பாகைதான் வேறுபாடு. இழந்த வேகமோ நூற்றுக்கு இரண்டுக்குச் சற்று மேல்தான். அளவிட்டால்தான் தெரியும், விளையாடும்போது தெரியாது. செலவு ஒரு காசும் இல்லை.

இந்த எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. ஒவ்வொரு கணினிக்கும் அவை மாறும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது. குளிர்விப்பானில் மேலும் மேலும் பணம் போடும்போது கிடைக்கும் பயன் சுருங்கிக்கொண்டே வருகிறது. மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்தால் கிடைக்கும் பயனோ உடனே தெரிகிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கடைக்குச் செல்லுமுன் கீழ்க்காண்பவற்றைப் பிள்ளையே ஒரு தாளில் எழுதி வரச் சொல்லுங்கள்.

1. மிகைவேகத்துக்கு இடமிருக்கிறதா? இந்தெல் நுண்செயலிகளில் பொதுவாகப் பெயரின் இறுதியில் 'கே' எழுத்து உள்ளவற்றுக்கே அவ்வசதி உண்டு. அதற்கேற்ற 'இசட்' வரிசைத் தாய்ப்பலகையும் வேண்டும். ஏஎம்டி ரைசன் நுண்செயலிகள் பெரும்பாலும் திறந்தவை; ஆயினும் 'ஏ' வரிசைத் தாய்ப்பலகைகளில் அது முடியாது. இதைப் பார்க்காமல் குளிர்விப்பான் வாங்கினால் பணம் வீண்.

2. உண்மையான வாட் எவ்வளவு? பெட்டியில் அச்சிடப்பட்ட எண்ணை மட்டும் நம்பக் கூடாது. இந்தெல் ஐ9-13900கே-யின் அடிப்படை மதிப்பு 125 வாட். அதன் உச்ச மதிப்போ 253 வாட். இவை நிறுவனமே தரும் எண்கள்தாம்.

3. உயரம் பொருந்துமா? கோபுர வகைக் குளிர்விப்பான்கள் 155 முதல் 165 மி.மீ. வரை உயரமுள்ளவை. கணினிப் பெட்டியின் குறிப்பில் எவ்வளவு உயரம் கொள்ளும் என்று எழுதியிருக்கும். பெட்டியின் பக்க மூடியைச் சாத்த முடியாமல் திரும்பக் கடைக்கு ஓடுபவர் பலர்.

4. ரேம் இடிக்குமா? இரட்டைக் கோபுர வகைகள் ரேம் பலகைகளின் மேல் நீண்டு நிற்கும். உயரமான அலங்கார ரேம் இருந்தால் மின்விசிறி பொருந்தாது.

5. எடை எவ்வளவு? நோக்டுவா என்.எச்.-டி15 போன்ற பெரியவை மின்விசிறிகளோடு 1.3 கிலோ கனம் கொண்டவை. வீடு மாறும்போது கணினியைக் காரில் நிற்க வைத்துக் கொண்டுசெல்லக் கூடாது. படுக்க வைக்க வேண்டும்.

6. காற்று வரவும் போகவும் வழி உண்டா? முன்பக்கம் உள்ளே, பின்பக்கம் வெளியே என்று காற்று ஒரே திசையில் ஓட வேண்டும். முன்பக்கம் முழுவதும் கண்ணாடியால் மூடிய பெட்டியில் எந்தக் குளிர்விப்பானும் திணறும். சுவரையொட்டி, அலமாரிக்குள் வைத்த கணினியும் அப்படியே.

விலையைப் பொறுத்தவரை, நான்கு வெப்பக் குழாய்களும் ஒரு 120 மி.மீ. மின்விசிறியும் கொண்ட ஒற்றைக் கோபுரம் 100 வெள்ளியையொட்டிக் கிடைக்கிறது. கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 இவ்வகையில் நெடுநாள் பெயர் பெற்றது. ஆறு குழாய்களும் இரண்டு மின்விசிறிகளும் கொண்ட தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 போன்ற இரட்டைக் கோபுரங்கள் 200 வெள்ளிக்குள் கிடைக்கின்றன. மிகைவேகத்தில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இரண்டாம் வகை போதும் என்பேன். அதற்கு மேல் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அமைதிக்கும் அழகுக்கும் போகிறது. அமைதி வேண்டுவோர் அதற்காக வாங்கலாம்; தவறில்லை. ஆனால் வெப்பத்துக்காக வாங்குகிறோம் என்று தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டா.

நீர்க்குளிர்விப்பானை ஏன் பரிந்துரைக்கவில்லை?

250 வாட்டுக்கு மேல் நீண்ட நேரம் இழுக்கும் உச்ச வகை நுண்செயலியில் காணொளித் தொகுப்பு போன்ற தொழில் செய்வோருக்கும், உயரமான கோபுரம் கொள்ளாத பெட்டி வைத்திருப்போருக்கும் அது பயன்படும். அதை ஒப்புக்கொள்கிறேன். பள்ளி மாணவர் எத்தனை பேர் அந்நிலையில் இருக்கின்றனர்?

காற்றுக் குளிர்விப்பானில் கெட்டுப்போகும் உறுப்பு ஒன்றே ஒன்று, மின்விசிறி. சில பத்து வெள்ளியில் மாற்றிவிடலாம். நீர்க்குளிர்விப்பானிலோ நீரேற்றி நின்றுபோகலாம். ஆண்டுகள் செல்லச் செல்ல நீர் குறையலாம். அரிதாகக் கசியவும் கூடும். பெரும்பாலும் முழுவதையுமே தூக்கி எறிந்து புதிதாக வாங்க வேண்டியிருக்கும். சம்பாதிக்காத பிள்ளைக்கு, பழுது பார்க்கக்கூடிய பொருளே ஏற்ற பொருள்.

மிகைவேகம் தேவைதானா?

இங்கே பிள்ளைகள் அறிய வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. 1998-இல் வெளிவந்த இந்தெல் செலரான் 300ஏ என்ற மலிவு விலை நுண்செயலியை, 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 450 மெகாஹெர்ட்ஸுக்குப் பலர் உயர்த்தினர். ஒன்றரை மடங்கு வேகம்! அன்று மிகைவேகம் ஏழையின் ஆயுதமாக இருந்தது. குறைந்த விலையில் வாங்கி, உயர்ந்த விலைப் பொருளின் வேகத்தைப் பெற முடிந்தது.

இன்று நிலைமை வேறு. 2008-இல் இந்தெல் தன் புதிய நுண்செயலிகளில் டர்போ பூஸ்ட் என்ற வசதியைக் கொண்டுவந்தது. 2017-இல் ஏஎம்டியின் ரைசன் நுண்செயலிகள் அத்தகைய வசதியோடு வந்தன. வெப்பமும் மின்சாரமும் இடங்கொடுக்கும் அளவுக்கு நுண்செயலி தானே வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. மிஞ்சியிருக்கும் இடைவெளி சிறிது. அதுமட்டுமன்று; விளையாட்டுகளில் பெரும்பாலும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது வரைகலை அட்டைதான். நுண்செயலியை உயர்த்தியும் திரையில் மாற்றம் தெரியாமற்போவது இதனால்தான்.

மின்னழுத்தம் விளையாட்டுப் பொருளன்று என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. இந்தெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினி நுண்செயலிகள் சில நிலைகுலைந்த செய்தி 2024-இல் உலகெங்கும் பேசப்பட்டது. தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தமே காரணம் என்று நிறுவனமே அறிவித்து, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் ஈராண்டுகள் நீட்டித்தது. தயாரித்தவரே தடுமாறிய இடம் அது. மிகைவேகத்தால் நேரும் சேதத்தை நிறுவனங்களின் உத்தரவாதம் பொதுவாக ஏற்பதுமில்லை.

அப்படியானால் பிள்ளையைத் தடுத்துவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. வேகத்துக்காக மிகைவேகம் செய்வது இன்று பெரிதும் பயனற்றது. கற்பதற்காகச் செய்வது மிகப் பயனுள்ளது. வெப்பம், மின்திறன், விகிதம், வர்க்கம், அளவீடு, பொறுமை ஆகிய அனைத்தும் ஒரே மேசையில் கிடைக்கும் வேறு பாடம் எது? நம் பிள்ளைகள் பொருளை வாங்குபவராக மட்டும் வளராமல், திறந்து பார்ப்பவராக வளர வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம். திறந்து பார்க்கும் பிள்ளை வீட்டில் இருக்கும்போது, "கெடுத்துவிடுவாய், கைவைக்காதே" என்று அதட்டினால் அப்பேச்சுக்கு என்ன பொருள்?

பெற்றோரும் ஆசிரியரும் செய்யக்கூடியவை

பெற்றோரே, பிள்ளை குளிர்விப்பான் கேட்டால் "முடியாது" என்றும் சொல்லாதீர்கள். கேட்ட உடனே பணத்தையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். "இப்போது உன் கணினியின் வெப்பம் எவ்வளவு?" என்று கேளுங்கள். ஒரு வாரம் குறித்து வரச் சொல்லுங்கள். அறை வெப்பம், சும்மா இருக்கும்போது, விளையாடும்போது, பிற்பகலில், இரவில் என்று தனித்தனியே எழுதட்டும். அதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. என் முன்னாள் மாணவி ஒருத்தி படிவம் நான்கில் இப்படி அட்டவணை தயாரித்தாள். முன்பக்க வலையில் அடைந்திருந்த தூசியைத் துடைத்து, பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்ததிலேயே ஆறு பாகை குறைந்ததைக் கண்டாள். அவளுடைய தந்தையார் அதன்பின் 150 வெள்ளியில் ஒரு காற்றுக் குளிர்விப்பானை மனமுவந்து வாங்கிக் கொடுத்தார். கடையில் அவர்களுக்கு முதலில் சொல்லப்பட்ட விலை அதைப்போல் நான்கு மடங்கு.

பூட்டும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருங்கள். மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டே கைவைக்க வேண்டும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் திறக்கக் கூடாது. அணைத்த பின்னும் அதனுள் மின்சாரம் தங்கியிருக்கும். அடித்தளத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய நெகிழித் தாளை உரித்துவிட்டுப் பூட்டச் சொல்லுங்கள். உரிக்க மறப்போர் ஏராளம்.

ஆசிரியர்களே, பழுதான பழைய கணினியிலிருந்து குளிர்விப்பான் ஒன்றைக் கழற்றி வெப்பப் பாடத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். தகடுகளை எண்ணச் சொல்லுங்கள். பரப்பளவைக் கணக்கிடச் சொல்லுங்கள். அலுமினியம் எங்கே, செம்பு எங்கே, ஏன் என்று கேளுங்கள். பாடநூலின் படத்தைவிட அந்த ஒரு துண்டு உலோகம் மிகுதியாகப் பேசும். அதையும் தமிழிலேயே பேச வைக்கலாம் என்பதைப் பிள்ளைகள் கண்கூடாகக் காண்பர்.

கடையில் பேசப்படும் சொற்களுக்கு அஞ்சிப் பணம் கொடுக்கும் பெற்றோரை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த அச்சத்தைப் போக்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. ஒரு வெப்பமானியும், ஒரு தாளும், வர்க்கம் போடத் தெரிந்த பிள்ளையும் இருந்தால் போதும். முதலில் அளக்கட்டும், பிறகு குறைக்கட்டும், அதன்பின்பே வாங்கட்டும். இந்த வரிசையில் சென்ற குடும்பம் 600 வெள்ளி கொடுக்க நேராது என்பது என் உறுதியான எண்ணம்.